உளுந்துக் கடைக்காரர் மகள் பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதுவது?

பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்திலுள்ள பெகுவிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு ஈடான அமெரிக்கத் தேர்வான ஜிஇடி-யில் நான்கு பாடமும் முடித்துவிட்டார். பொருளாதாரம் படிக்க ஆசை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ‘உங்களை உருவாக்கிய தனிப்பட்ட அனுபவத்தை எழுதுங்கள்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: “எனக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, சயா (ஆசிரியரே). அப்பாவுக்குப் பஜாரில் உளுந்துக் கடை. 2017-ல் சரக்கு விற்காமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தபோது அப்பா பட்ட பாடு தெரியும். அப்புறம் கொரோனா, அதற்குப் பிறகு நாட்டு நிலைமை என்று இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை. கடையில் கணக்கு எழுதினேன். கொள்ளுத்தாத்தா 1942-ல் நடந்தே இந்தியா போய், சண்டை முடிந்ததும் திரும்பி வந்தவர். அதை எழுதலாமா? கஷ்டத்தை எழுதினால்தான் இடம் கிடைக்குமாமே? தமிழ்ப் பெண் என்று சொல்லிக்கொள்வது நல்லதா, கெட்டதா? ஏஜென்ட் ஒருவர் தானே எழுதித் தருகிறேன் என்கிறார், கொடுத்துவிடட்டுமா?”

பார்க்க நான்கைந்து கேள்வி. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: என் வாழ்க்கையில் எழுதும்படியாக ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, தங்கை. நீங்கள் அனுப்பிய அந்தப் பத்து வரிக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். ரங்கூனில் இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். அதில் பாதிக் காலம், வெளிநாடு போகும் பிள்ளைகள் இந்தக் கட்டுரையை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவிலும் நான் இருந்ததில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு திகைப்பைத் தருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் (எங்கள் காலத்தில் அது பத்தாம் வகுப்பு) ஆறு பாடம், 600 மதிப்பெண். மொத்தம் எவ்வளவு வந்ததோ அதை வைத்து மருத்துவமா, பொறியியலா, வேறு ஏதாவதா என்று முடிவாகிவிடும். இன்ன படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று கேட்க ஆளில்லை. பள்ளியில் எழுதும் கட்டுரையும் அப்படித்தான். ஆசிரியர் கொடுத்ததை மனப்பாடம் செய்து, ஒரு வார்த்தை மாறாமல் இறக்கிவைத்தால் முழு மதிப்பெண். பன்னிரண்டு வருடம் அப்படிப் படித்த பிள்ளையிடம் திடீரென்று ‘நீ யார், சொல்லு’ என்றால் வாயடைத்துத்தான் போகும். அது உங்கள் குறை இல்லை. பழக்கமில்லாத வேலை, அவ்வளவுதான்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு முடித்தது 1996-ல். அந்த டிசம்பரில் மாணவர் போராட்டம் நடந்ததும் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். இளநிலை வகுப்புகள் மறுபடி திறக்க 2000 ஆகிவிட்டது. அந்த மூன்றரை வருடம் மாமா கடையில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வயதானவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் போகிற கடிதங்கள். சொல்கிறவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: நாங்கள் இங்கு நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல், மழை பெய்ததா, பிள்ளைகள் சௌக்கியமா. நான்கு வரி ஆனதும் நின்றுவிடுவார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு பாட்டி அப்படி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கெணத்தடி மாமரம் இன்னும் காய்க்குதான்னு கேட்டு எழுதுப்பா” என்றார். எட்டோ ஒன்பதோ வயதில் ஊரை விட்டுக் கப்பலேறியவர். அவர் கடிதம் அந்த வரியில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருந்தது எல்லோருடைய கடிதமும்.

இன்றுவரை டியூஷன் பிள்ளைகளோடு நான் செய்வது அதே வேலைதான். முதல் நான்கு வரி முடியும்வரை காத்திருப்பது. ‘சிறு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்’, ‘கல்வியே அழியாத செல்வம் என்று நம்புகிறேன்’, ‘சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்’ என்று வரும். வரட்டும், தடுக்க மாட்டேன். அது நலம் அறிய ஆவல். அது தீர்ந்த பிறகுதான் மாமரம் வரும்.

இன்னொன்றும் அந்த மண்டபத்தில் கற்றேன். பல்கலைக்கழகம் மூடியது என் தலைமுறைக்கே பொது. லட்சக்கணக்கான பேருக்கு அது நடந்தது. அதை மட்டும் எழுதினால் என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை வைத்தாலும் பொருந்தும். ஞாயிறுதோறும் உட்கார்ந்து பிறர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியது என்னுடையது. எனக்கு நடந்ததைவிட, அந்த நேரத்தில் என் கை திரும்பத் திரும்ப என்ன செய்தது என்பதுதான் என்னைப் பற்றி அதிகம் சொல்லும். இதையே நான் பிள்ளைகளிடம் வேறு மாதிரிச் சொல்வேன்: ஒரு முறை நடந்ததைத் தேடாதே, நூறு முறை செய்ததைத் தேடு. ஒரு முறை நடந்தது விபத்தாக இருக்கலாம், பரிசாக இருக்கலாம். நூறு முறை செய்ததில்தான் ஆள் தெரிவான்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னால் புரியும். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தவள். முதல் வரைவு முழுக்கப் பாட்டியின் மரணம். படித்தால் கண் கலங்கும், ஆனால் அதில் அவளைக் காணோம். பாட்டியோடு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள் என்று கேட்டேன். “நான்தான் சயா, பாட்டிக்குப் பர்மியம் வராது” என்றாள். டாக்டர் எப்படி வலிக்கிறது என்று பர்மியத்தில் கேட்பார். பாட்டி, குத்துது என்பார், குடையுது என்பார், கடுக்குது என்பார், இழுக்குது, எரியுது என்பார். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பர்மியச் சொல் ஒன்றுதான்: ‘நாடெ’, வலிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதையே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் டாக்டர் சலித்துப்போய், எந்த மாதிரி வலி என்று தெரியாமல் என்ன மருந்து கொடுப்பது என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டாள். பக்கத்தை நடுவில் மடித்து இந்தப் பக்கம் பாட்டியின் சொல், அந்தப் பக்கம் நர்ஸ் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பர்மியச் சொல். உள்ளே கடித்துக் குடைவதற்கு ‘கைட்டெ’, நெஞ்சையோ வயிற்றையோ பிடித்து இழுப்பதற்கு ‘அவுங்டெ’, மிளகாய் பட்டதுபோல் எரிவதற்கு ‘சட்டெ’. சில தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஒன்றும் கிடைக்காமல் கேள்விக்குறி மட்டும் இருந்தது. அந்த நோட்டை வீட்டில் தேடி எடுத்துவந்து காட்டினாள். மூலைகளெல்லாம் எண்ணெய்க் கறை.

அந்த நோட்டைப் பற்றித்தான் கடைசியில் எழுதினாள். மரணம் ஒரே வரியில் வந்தது. கேள்விக்குறி போட்ட சொற்களைப் பற்றி ஒரு முழுப் பத்தி. செவிலியர் படிப்புக்கு ஏன் வருகிறாய் என்ற கேள்விக்கு அதற்கு மேல் பதில் வேண்டுமா? இடம் கிடைத்தது. ஆனால் கட்டுரையால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. இரண்டில் எது வேலை செய்தது என்பதை அந்தப் பல்கலைக்கழகம்தான் அறியும்.

சரி, இப்போது உறுதியாகத் தெரிந்த விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குப் பெரும்பாலும் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பம். 2026-ல் சேரும் மாணவர்களிலிருந்து பழைய ஒரே நீளக் கட்டுரை போய்விட்டது. மூன்று கேள்வி: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது ஏன் பயனுள்ளது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து, மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே பாடம்தான் முக்கியம். குடும்பக் கதைக்கு இடமுண்டு, ஆனால் அது பொருளாதாரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அமெரிக்கா வேறு. பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் 250 சொல்லிலிருந்து 650 சொல்வரை ஒரு கட்டுரை. பல தலைப்பு கொடுத்து, கடைசியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் விடுவார்கள். அங்கே பாடத்தைவிட ஆளைத்தான் தேடுகிறார்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள். அது இரண்டுக்கும் பொருந்தாது. இந்தியக் கல்லூரிகளில் பெரும்பாலும் மதிப்பெண்தான் பேசும், இந்தக் கட்டுரை வேலையே வராது. வீட்டில் அதையும் யோசித்து வையுங்கள்.

கஷ்டத்தை எழுதினால்தான் இடமா என்று கேட்டீர்கள். இந்த எண்ணம் நம் ஊரில் எப்படிப் பரவியதோ, பிள்ளைகளை ரொம்பப் படுத்துகிறது. தன் வீட்டில் போதுமான துன்பம் இல்லையே என்று ஒரு பையன் என்னிடம் வருத்தப்பட்டான். பதினெட்டு வயதுப் பிள்ளை அப்படி நினைக்கும்படி ஆனது எனக்குத் தாங்கவில்லை. துன்பம் இருந்தால் தகுதி, இல்லாவிட்டால் இல்லை என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி வைக்கவில்லை. படிப்பு நின்றுபோன இரண்டு வருடத்தை நீங்கள் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சான்றிதழில் அந்த இடைவெளி தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்குத் தனி இடம் இருக்கிறது. காமன் ஆப்பில் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளை எழுத ஒரு சிறிய பெட்டி உண்டு. இங்கிலாந்து விண்ணப்பத்தில் பரிந்துரை எழுதும் ஆசிரியர் அதைக் குறிப்பிடலாம். 2020 மார்ச்சுக்குப் பிறகு பள்ளிகள் மூடியிருந்தன, 2021 பிப்ரவரிக்குப் பிறகு போக முடியவில்லை, இன்ன தேதியில் ஜிஇடி படிக்கத் தொடங்கினேன் என்று மூன்று வரியில் தேதியோடு சொல்லிவிடுங்கள். கட்டுரையை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

காயமாக இருப்பதை எழுதியே ஆக வேண்டும் என்ற கடமையும் கிடையாது. எழுதும்போது கை நடுங்கினால், இரண்டு நாள் தூக்கம் கெட்டால், அது இன்னும் ஆறவில்லை என்று பொருள். அதை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். இன்னொரு விஷயத்தை இங்கே இருப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கட்டுரையில் பிறர் பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் என்ன செய்தார், வகுப்புத் தோழி எங்கே போனாள் என்பது உங்கள் கதை இல்லை, அவர்கள் பாதுகாப்பு. வழியில் போனைச் சோதிக்கிற காலம் இது. வரைவைப் போனில் வைத்துக்கொண்டு பெகுவுக்கும் ரங்கூனுக்கும் பஸ்ஸில் அலையாதீர்கள். எந்தப் பல்கலைக்கழக இடமும் ஒருவருடைய நிம்மதிக்கு ஈடில்லை.

கொள்ளுத்தாத்தா 1942-ல் நடந்த கதை. இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அதைக் கட்டுரையின் நடுவில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் அந்த நடை ஒரு குலச்சொத்து. ஜப்பான்காரன் குண்டு, பாதையில் காலரா, தோளில் பிள்ளை, வழியில் விட்டுவந்த பாத்திரங்கள். லட்சக்கணக்கான இந்தியர் அந்த ஆண்டு மலையும் காடும் தாண்டிப் போனார்கள். அதற்கப்புறம் 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ஒரே நாளில் சொன்னது, மறுபடியும் கப்பல். இவ்வளவு பெரிய கதையை 650 சொல்லில் எழுதினால் படிக்கிறவர் மனதில் கொள்ளுத்தாத்தாதான் நிற்பார். விண்ணப்பிப்பது நீங்கள். அந்தக் கதை இன்று உங்கள் வீட்டில் என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் அப்பா வங்கியை நம்பாமல் நகையாகவே வைத்திருக்கிறாரா? பத்திரங்களை ஒரே பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைப்பாரா? அதைப் பார்த்து நீங்கள் ஏதாவது கேட்டதுண்டா? அப்படி ஒன்று இருந்தால் இரண்டு வரியில் கொள்ளுத்தாத்தா வரட்டும். பொருளாதாரம் படிக்கப் போகிற பெண்ணுக்கு, ஒரு குடும்பம் ஏன் காகிதப் பணத்தை நம்புவதில்லை என்பது நல்ல கேள்வி.

தமிழ்ப் பெண் என்பதை எழுதலாமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான வரம்பு உண்டு. 2023 ஜூன் 29 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம், ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், இனத்தை வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இன்னொன்றும் எழுதினார்: இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதினால் பல்கலைக்கழகம் அதைக் கருத்தில் கொள்ளலாம், ஆனால் அது அந்த மாணவரின் குணத்தோடோ திறமையோடோ நேரடியாகச் சேர்ந்திருக்க வேண்டும். எனவே தமிழர் என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது, கழிவும் கிடையாது. மறைக்க ஒரு காரணமும் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டு, எழுத்தாக யோசித்தாலும் எனக்கு அதே முடிவுதான். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு பெயரைப் பற்றி எழுதுவார்கள். வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளியில் பர்மியப் பெயர், நான் யார் என்று ஒரு ஏக்கம். உண்மையான ஏக்கம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் ஏக்கத்தோடு நின்றால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். ஒரு பையனுக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், குடும்பப் பட்டியலில் வேறு பெயர். இரண்டும் ஒருவனே என்று நிரூபிக்க அவன் எட்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தான். எந்த மேசையில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று ஒரு படமே வரைந்து வைத்திருந்தான். பிறகு தெருவில் இதே சிக்கல் உள்ளவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் கொடுத்தான். சட்டம் படிக்க விண்ணப்பித்தபோது அந்தப் படத்தைப் பற்றி எழுதினான். இரண்டு பெயர் அதில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கொடுக்காதீர்கள். 2007-ல் யூகாஸ் தன்னிடம் வந்த கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியோடு விளையாடிப் பைஜாமாவைப் பொசுக்கிக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தது தெரியவந்தது. இணையத்தில் இருந்த ஒரே மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்தது. ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே அது நடந்திருந்தாலும் அன்று அவனை யார் நம்பியிருப்பார்கள்? அப்போதிலிருந்து எல்லாக் கட்டுரையையும் மென்பொருளில் போட்டு ஒப்பிடுகிறார்கள். இப்போது ஏஜென்டுகள் எழுதிக் கொடுப்பதில் பாதி கணினி எழுதியது. படித்த உடனே எனக்குத் தெரிகிறது: அதில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு இருக்காது. ஆங்கிலம் தடுமாறினால் இலக்கணம் பார்க்க ஒருவரிடம் கேளுங்கள், அது தப்பில்லை. யோசனையைத் தமிழிலேயே எழுதிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். என் மாணவர்களில் பலருக்கு அதுதான் கைகொடுத்தது.

இனி சந்தேகத்துக்கு இடமானவை. கட்டுரைக்கு எவ்வளவு எடை என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். மதிப்பெண்ணும் படித்த பாடங்களும் முதலில், கட்டுரை அதற்குப் பிறகு என்பது பொதுவாக ஒத்துக்கொண்ட விஷயம். அதற்கு மேல் இடத்துக்கு இடம் மாறும். கட்டுரை எல்லோருக்கும் சமமான களம் என்பதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளை ஆராய்ந்து 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. எதைப் பற்றி, எப்படி எழுதுகிறார்கள் என்பதற்கும் குடும்ப வருமானத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கு இருப்பதைவிட அதிகமாக. இந்தக் கேள்வி பிறந்த கதையும் அவ்வளவு நல்லதில்லை. 1920-களில் ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் மதிப்பெண்ணோடு நிற்காமல் ‘குணம்’ பார்க்கத் தொடங்கியது, தேர்வில் நன்றாக எழுதிய யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக. யாரையோ விலக்க வந்த கேள்வி, இன்று நம் மாதிரித் தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பேச ஒரு இடம் தருகிறது. இதையெல்லாம் சொல்வது உங்களைச் சோர வைக்க இல்லை. இடம் கிடைக்காமல் போனால் உங்கள் வாழ்க்கை குறைந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்காக. நல்ல கட்டுரை எழுதிய என் பிள்ளைகளிலும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. பணம் போதாமல் கிடைத்த இடத்தை விட்டவர்களும் உண்டு.

இப்போது உங்கள் பத்து வரிக்கு வருகிறேன். 2017-ல் மூட்டை மூட்டையாகச் சரக்கு கிடந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது ஏன் கிடந்தது? அந்த ஆகஸ்டில் இந்திய அரசு பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது. துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதற்கு மேல் வரக்கூடாது. இந்தியாவில் அந்த வருடம் விளைச்சல் அதிகம், அங்குள்ள விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்று செய்தார்கள். நம் உளுந்துக்கும் துவரைக்கும் பெரிய சந்தை இந்தியாதான். டெல்லியில் ஒரு கையெழுத்து, பெகு பஜாரில் உங்கள் அப்பா கடை வாசலில் மூட்டை. பிறகு 2021-ல் இரண்டு நாடும் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் போட்டன: ஆண்டுக்கு உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம் டன். அதே வருடம்தான் நீங்கள் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறீர்கள். டாலர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 1,300 கியாட் சொச்சம், செப்டம்பர் கடைசியில் 2,500-ஐத் தாண்டியது. காலையில் எழுதிய வீசை விலையை மாலையில் அடித்துத் திருத்தியிருப்பீர்களே? எத்தனை நாள்? திருத்தும்போது அப்பா யாருக்குப் போன் போடுவார்? கடன் வாங்கிய விவசாயிக்குப் பழைய விலையா, புது விலையா? அதை யார் முடிவு செய்தது? ஒரு நாளாவது அப்பா சொன்ன விலையை நீங்கள் தவறு என்று நினைத்ததுண்டா?

பொருளாதாரம் கற்றுத் தரும் பேராசிரியர்கள் புத்தகத்தில் படித்ததை, நீங்கள் இரண்டு வருடம் பேனா பிடித்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் என்றால் நூறு முறை இல்லை, அறுநூறு எழுநூறு முறை. யூகாஸின் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கக் கட்டுரைக்கும் இதையே எடுக்கலாம். அங்கே ஒப்பந்தத்தையும் உச்சவரம்பையும் குறைத்து, அப்பாவும் நீங்களும் அந்த விலையைப் பற்றிப் பேசிக்கொண்டதை விரித்து எழுதுங்கள். வீசை என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். இங்கே எல்லோரும் புழங்கும் அந்த 1.63 கிலோ எடைக்கு ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்று பெயர், நம் வீசையிலிருந்து போனது. இந்த ஊர்த் தராசில் தமிழ் இருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும், தனியாகத் தமிழ்ப் பெண் என்று எழுத வேண்டியதே இருக்காது.

நான் சொன்னது சரியாகவும் இருக்கலாம், பொருந்தாமலும் போகலாம். கணக்கு எழுதியது உங்களுக்கு வெறும் சலிப்பாக மட்டும் இருந்திருந்தால் இதை விட்டுவிடுங்கள். சலித்ததை ஆசையாக எழுத முடியாது, எழுதினால் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான். 2021 கணக்குப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்தால் செப்டம்பர் மாதத்தைத் திறந்து, அடித்துத் திருத்திய ஒரு பக்கத்தை எடுத்து, அன்று என்ன நடந்தது என்று அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் நான்கு வரி எப்படி வந்தாலும் பரவாயில்லை. ஐந்தாவது வரியை எனக்கு அனுப்புங்கள்.